போலோவுக்கு 16 இன்ச் வீல்: காரைக்குடியில் மாட்டிய அனுபவம்

வண்டி 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 பி.எஸ்., தானாக மாறும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. மிதித்தால் பறக்கும், ஆனால் கம்பெனி கொடுத்த 185/60 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., பக்க உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 இன்ச்) அந்த இன்ஜினுக்கு ஒல்லி. ஈர ரோட்டில் கொஞ்சம் அழுத்திப் புறப்பட்டாலே முன் டயர் வழுக்கி, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும். டயர்களும் தேய்ந்து முடிந்திருந்தன. எப்படியும் நாலும் மாற்ற வேண்டும், அப்படியே ரிம்மையும் பெரிதாக்கிவிடலாம் என்று ஆசை. அப்பச்சி கேட்டது ஒன்றுதான்: "ஓடுற சக்கரத்தை எதுக்குப்பா மாத்துற?" பிடிப்பு, பிரேக் என்று நீட்டி முழக்காமல், "பார்க்க நல்லா இருக்கும் அப்பச்சி" என்று பாதி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நண்பர்கள் எல்லாரும் 17 இன்ச் போடச் சொன்னார்கள். படத்தில் பார்க்க 17 அட்டகாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டால் நம் ஊருக்கு ஒத்துவரவில்லை. 185/60 டயரில் சைடுவால், அதாவது பக்கச் சுவர், உயரம் 111 மி.மீ. 17-க்கு வழக்கமாகப் போடும் 205/40-இல் அது 82 மி.மீ.தான். மழை பெய்து செக்காலை ரோட்டில் தண்ணீர் நின்றால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பள்ளத்தூர், ஆத்தங்குடி பக்கம் உள்ளே போகிற ரோடுகளில் தார் விளிம்பு வெட்டியெடுத்த மாதிரி செம்மண்ணில் இறங்கும், எதிரே பஸ் வந்தால் நாம்தான் இறங்க வேண்டும். இதில் 82 மி.மீ. ரப்பரை நம்பி ஓட்டினால் ரிம் பெண்டாகிவிடும். 16 இன்ச்சில் 195/55 என்றால் 107 மி.மீ. பழையதைவிட 4 மி.மீ.தான் குறைவு. சரி, 16 என்று முடிவு.

மொத்த விட்டத்தைப் பார்த்தால் 205/50 ஆர்16 தான் இன்னும் பொருத்தம். பழைய டயர் 603 மி.மீ., இது 611. 195/55 ஆர்16 போட்டால் 621, அதாவது 3 சதவீதம் பெரிது. இருந்தும் 195/55-ஐயே எடுத்தேன். காரணம் சாதாரணமானது: அந்த சைஸ் ஹூண்டாய் ஐ20-க்கும் வரும் என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். நடுரோட்டில் ஒரு டயர் கிழிந்தால் தேவகோட்டையில் 205/50-ஐ எங்கே தேடுவது? தவிர, ஃபோக்ஸ்வாகனே பின்னாளில் இதே ஜி.டி.க்கு 16 இன்ச்சில் 195/55 போட்டுத்தான் விற்றது. இது சட்டத்துக்கும் உதவும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் போலீஸ் நிறுத்துவதற்கு வேறு காரணமே வேண்டாம். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

டயர் சைஸ் ஆயிற்று, இனி ரிம். இங்கேதான் நிஜமான தலைவலி. போலோவுக்கு ஐந்து போல்ட், பி.சி.டி. 100, அதாவது போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. கடைகளில் அடுக்கிவைத்திருப்பதில் பாதிக்கு மேல் மாருதிக்குப் பொருந்தும் நாலு ஓட்டை ரிம்தான். மதுரையில் ஒரு கடைக்காரர், "நாலு ஓட்டையை அஞ்சாக்கித் தர்றேன் தம்பி, கவலையே படாதீங்க" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். உயிரைச் சுமக்கிற ரிம்மில் யாரோ டிரில் போட்டு அளவு பார்ப்பதா!

அடுத்தது ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு, ரிம்மில் இ.டி. என்று போட்டிருக்கும். எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். பழைய ரிம்மின் பின்னால் 6ஜே (அகலம் 6 இன்ச்), இ.டி. 40 என்று அச்சு இருந்தது. நான் எடுத்தது 6.5ஜே, இ.டி. 38. அரை இன்ச் அகலத்தில் பாதி 6 மி.மீ. சொச்சம், ஆஃப்செட்டில் 2. ஆகமொத்தம் ரிம் வெளிப்பக்கம் சுமார் 8 மி.மீ. தள்ளி நிற்கும், உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கம் 4 மி.மீ. நெருங்கும். இந்த அளவுக்கு வண்டியில் இடம் இருக்கிறது. இ.டி. 25, 30 என்று மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைச் சீவிக்கொண்டு போகும்.

இப்போது போல்ட். மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். மாருதியில் ஹப்பிலேயே (சக்கரம் போய் உட்காரும் நடுப்பாகம்) ஸ்டட், அதாவது மரை போட்ட கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும், நட்டைப் போட்டு இறுக்குவோம். ஃபோக்ஸ்வாகனில் ஸ்டட் கிடையாது, போல்ட்டே ரிம் வழியாக ஹப்புக்குள் போய் ஏறும். கம்பெனி போல்ட்டின் கழுத்து உருண்டையாக இருக்கும். கம்பெனி ரிம்மில் அந்தக் கழுத்து உட்காரும் குழியும் அதே உருண்டை. வெளியே வாங்கும் அலாய்களிலோ பெரும்பாலும் கூம்பு வடிவக் குழி. உருண்டைக் கழுத்துப் போல்ட்டைக் கூம்புக் குழியில் போட்டாலும் இறுகும், ஸ்பேனரும் நிற்கும், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஒரு மெல்லிய வளையக் கோட்டில்தான் இரண்டும் தொடுகின்றன. ஓட ஓட அது தேய்ந்து போல்ட் தளரும். டயர் கடைத் தம்பி பழைய போல்ட்டையே கையில் எடுத்தபோது நிறுத்தச் சொல்லி, கழுத்தில் மார்க்கர் மையைத் தடவி ஒன்றை மட்டும் லேசாக இறுக்கிக் கழற்றிக் காட்டினேன். மை நூல் மாதிரி ஒரு கோட்டில் மட்டும் போயிருந்தது. "அண்ணே, இவ்வளவு நாளா இப்படித்தானே மாட்டுறோம்" என்றார், முகம் சுருங்கிவிட்டது. எம்14×1.5 மரையில் (14 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ.) கூம்புக் கழுத்துப் போல்ட் வரவழைத்துத்தான் மாட்டினோம். நீளமும் முக்கியம். கையால் திருகும்போது ஏழு எட்டுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். இறுக்கும் கணக்கு 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னை வைத்து டர்ர் என்று விட்டால் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் என்னுடையதையே கொண்டுபோனேன்.

இத்தனைக்குப் பிறகும் திருமயம் ரோட்டில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கியது. திரும்ப பேலன்சிங், இன்னும் நாலு வெயிட், அதே நடுக்கம். சக்கரத்தைக் கழற்றி நடு ஓட்டையை அளந்தால்தான் விஷயம் புரிந்தது. ஹப்பின் விட்டம் 57.1 மி.மீ., இந்த ரிம்மின் நடு ஓட்டை 73.1. எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே வார்த்துவிடுகிறார்கள். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் போட வேண்டும், ரிம் விற்ற கடை அதைக் கொடுக்கவே இல்லை. போனில் கேட்டால், "அதெல்லாம் யாரும் போடுறதில்லையே சார்" என்று பதில். அலுமினியத்தில் நாலு வாங்கி மாட்டி, வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டைக் குறுக்குமறுக்காக இறுக்கி, இறக்கிய பின் ரெஞ்ச் வைத்தோம். நடுக்கம் போய்விட்டது. நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், ஒன்று மட்டும் கால் திருப்பு ஏறியது.

உரசுகிறதா என்பதற்குத் தனியாகப் போய்ச் சோதனை வைக்கவில்லை. குன்றக்குடிக்கு ஆச்சி வீட்டார் ஐந்து பேரும் சாமான்களுமாக ஏறியதே போதுமான சோதனை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வேகத்தடையில் ஏற்றினேன், சத்தமில்லை. ஓட்டத்தில் மாற்றம் தெரிகிறது: வளைவில் வண்டி நன்றாகக் கவ்வுகிறது, புறப்படும் வேகம் துளி மந்தம், சின்னச் சின்ன மேடுபள்ளம் முன்பைவிடக் கொஞ்சம் இடுப்பில் தெரிகிறது. முன்பு மீட்டர் 80 காட்டினால் போன் ஜி.பி.எஸ். 76 காட்டும், இப்போது 78. கிலோமீட்டர் கணக்கு 3 சதவீதம் குறைவாக ஓடுவதால், மைலேஜ் போடும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வண்டி குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று தோன்றும்.

செலவு: ரிம் நாலும் முப்பதாயிரத்தை ஒட்டி, டயர் ஒன்று ஆறாயிரம் ஏழாயிரம் வாக்கில். வாங்கும்போது சைடுவாலில் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள், 3223 என்றால் 2023-இன் 32-வது வாரம் தயாரித்தது. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு எண் பழைய டயரில் 84, புதியதில் 87. கூடினால் பரவாயில்லை, குறைந்து மட்டும் வாங்காதீர்கள்.

ஸ்டெப்னி இன்னும் பழைய 15 இன்ச் இரும்பு ரிம்தான். விட்டம் வேறு என்பதால் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்ட மட்டுமே அது. ஆனால் அதன் குழி உருண்டை, புது கூம்புப் போல்ட் அதற்கு ஆகாது. பழைய போல்ட்டில் ஐந்தைத் துணிப்பையில் போட்டு ஸ்டெப்னிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கடையில் இதை யாரும் சொல்லவில்லை, பழைய போல்ட்டையெல்லாம் காயலான் டப்பாவில் போடத்தான் பார்த்தார்கள்.