பத்திரிகைக்கு வெப்சைட் மாற்றிய கதை: டெமோவில் யாரும் காட்டாத விஷயங்கள்

எங்கள் வாரப் பத்திரிகையின் புதிய வெப்சைட் ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. பழைய செய்திகள் திறக்கின்றன, தேடினால் கிடைக்கின்றன, தேதி சரியாக இருக்கிறது. செய்தித் தளத்துக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நாங்கள் பார்த்த எந்த வெப் டிசைன் கம்பெனியும் இதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் முகப்புப் பக்கத்தையே காட்டினார்கள். ஓடும் படங்கள், வண்ணப் பட்டைகள், பெரிய ஸ்கிரீனில் பிரமாதமாகத்தான் இருந்தது. எங்கள் வாசகர்களோ வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தட்டி நேராக ஒரு செய்திக்குள் நுழைகிறவர்கள். படித்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். முகப்பை அவர்கள் பார்ப்பதே அபூர்வம்.

முதல் தலைவலி டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். பழைய டெவலப்பர் அதைத் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தார். கேட்டால் போனை எடுக்க மாட்டார். எடுத்தால், "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்பார். எங்களைக் காப்பாற்றியது கணக்குப் பார்க்கும் அக்காதான். வருடா வருடம் டொமைனுக்கு நாங்கள் பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் தனி ஃபைலில் கோத்து வைத்திருந்தார். அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகே, டொமைனை எங்கள் பக்கம் மாற்றத் தேவையான டிரான்ஸ்ஃபர் கோடு வந்தது. உங்களுக்கும் இந்த நிலைமை என்றால் ஒன்றைக் கவனியுங்கள். டாட் காம் டொமைனில் உரிமையாளர் பெயரை மாற்றினால், வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக 60 நாள் பூட்டு விழ வாய்ப்புண்டு. எதை முதலில் செய்வது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வாங்குவது, செய்திகளை ஏற்றி வெளியிடும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஏற்றுவது, டிசைனை முடிவு செய்வது எல்லாம் சிக்கலில்லாமல் போனது. பழைய செய்திகளைக் கொண்டுவரும்போதுதான் ஆட்டம் கண்டது.

எங்கள் பழைய செய்திகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய முறை அது. இப்போது எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். "ஒரு கன்வெர்ட்டர் போதும் சார்" என்றார்கள் புதிய டெவலப்பர்கள். மாற்றியும் கொடுத்தார்கள். செய்திகளின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த மருந்துப் பெயர், கம்பெனிப் பெயர் எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகச் சிதறிக் கிடந்தன. அது கண்ணுக்குத் தெரிந்ததால் உட்கார்ந்து திருத்திவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. தேடல் பெட்டியில் "கொடுமுடி" என்று அடித்தால் பழைய செய்தி ஒன்றுகூட வரவில்லை. செய்தியைத் திறந்தால் கொடுமுடி என்றுதான் இருக்கிறது! யூனிகோடில் ொ என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், ெ, ா என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். நாம் கீபோர்டில் அடிப்பது ஒரே குறி, அவர்களுடைய கன்வெர்ட்டர் போட்டதோ இரண்டு குறி. தேடலுக்கு இரண்டும் வேறு வேறு சொல். எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்து வைக்கும் வடிவத்துக்கு, நார்மலைஸ் செய்யச் சொன்னோம், தீர்ந்தது. இதை ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். கொ, கோ, கௌ வருகிற ஊர்ப் பெயர்களை அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னும் எனக்குக் கோபம் ஆறாத விஷயம் தேதி. இம்போர்ட் செய்தவர்கள் பழைய தேதியை எடுக்காமல், ஏற்றிய நாளையே எல்லாச் செய்திகளுக்கும் போட்டுவிட்டார்கள். 2005-இல் காவிரியில் வெள்ளம் வந்தபோது கொடுமுடியிலிருந்து எழுதிய செய்தி, இன்றைய தேதியோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. காலையில் ஒருவர் போன் செய்து, "ஏனுங்க, ஆத்துல தண்ணி ஏறிப்போச்சுங்களா? எங்க மாமியார் ஊடு ஆத்தோரந்தானுங்க" என்று பதறினார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு டெவலப்பரை அழைத்தால், "அது சின்ன விஷயம் சார், திங்கட்கிழமை பார்க்கிறோம்" என்கிறார். துணிக்கடைத் தளத்துக்கு வேண்டுமானால் அது சின்ன விஷயம். பத்திரிகை வெள்ளச் செய்தியைத் தப்பான தேதியில் போட்டால் ஊரே நம்பும். அன்றைக்கே பழைய செய்திகளை மொத்தமாக மறைக்க வைத்து, தேதியைச் சரிசெய்த பிறகே திறந்தோம். இப்போது ஒவ்வொரு செய்தியிலும் வெளியான தேதி தலைப்புக்குக் கீழேயே இருக்கிறது, திருத்தியிருந்தால் அந்தத் தேதியும் தனியாக இருக்கிறது. ஓர் ஆண்டுக்கு மேல் பழையதென்றால் "இது பழைய செய்தி" என்ற பட்டையும் வரும்.

அப்புறம் லிங்க். பழைய முகவரிகள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு "ரீடைரக்ட் முடிந்தது" என்றார்கள். வாசகர் ஒரு மரணச் செய்தியைத் தேடி வருகிறார், முகப்பு திறக்கிறது. அவர் என்ன நினைப்பார்? கூகுளும் இப்படிச் செய்தால் அந்தப் பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதே செய்தியின் புது முகவரியை எக்ஸெலில் எழுதி, 301 ரீடைரக்டாக (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் திருப்பல்) போட வேண்டும். எங்கள் உதவி ஆசிரியர் தம்பி பொறுமையாக அந்தப் பட்டியலைப் போட்டார். கூகுள் தேடல் வழியாக வந்து, இடையில் குறைந்துபோன வாசகர் வரவு அதன் பிறகுதான் மெல்லத் திரும்பியது.

புதிய செய்திகளின் முகவரியிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால் ஒவ்வொரு குறியும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் அதை 200 எழுத்தில் வெட்டிவிடும். "ஈரோடு மாநகராட்சி கூட்டத்தில்" என்று தொடங்கும் தலைப்பு "கூட்டத்" என்பதோடு நின்றுவிடுகிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அதே முகவரிதான், கடைசியில் ஓர் எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் போட்டால் சதவீதக் குறிகளாக நீள்கிறது, பார்க்கிறவர்கள் வைரஸ் லிங்க் என்று பயப்படுகிறார்கள். நாங்கள் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல், கூடவே செய்தி எண் என்று வைத்துக்கொண்டோம்.

குறைதீர்க்கும் அலுவலர் பக்கம் என்றபோது டெவலப்பர்கள் விழித்தார்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் டிஜிட்டல் செய்தித் தளங்களுக்கு இது உண்டு. அலுவலரின் தொடர்பு விவரம் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்த விதிகளில் இரண்டு உட்பிரிவுகளுக்கு அதே ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. வழக்கு எப்படிப் போனாலும், தவறு என்று சொல்ல வருகிறவருக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் தெரிய வேண்டும் என்று நாங்கள் அந்தப் பக்கத்தைப் போட்டுவிட்டோம்.

விளம்பரத்துக்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விளம்பரம் தாமதமாக வந்து செய்தியைக் கீழே தள்ளும், படிக்கிறவர் விரல் விளம்பரத்தில் படும். வேகத்தை ஆபீஸ் வைஃபையில் சோதிக்காதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொண்டு, கூட்ட நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்து பாருங்கள். எங்கள் தளத்தில் ஓடும் படங்கள் தூக்கப்பட்டது அப்படிச் சோதித்த அன்றுதான்.

கடைசித் தவணையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் (தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கணக்கு) மூன்றும் பத்திரிகையின் சொந்த மெயில் ஐடியில் இருக்கிறதா, டேட்டாபேஸ் பேக்கப் கைக்கு வந்ததா, பழைய லிங்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துத் தட்டினால் அந்தந்தச் செய்தியே திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். தேதிப் பிரச்சினையில் திங்கட்கிழமை என்றவர்களை அன்றைக்கே உட்கார வைத்தது, எங்கள் கையில் இருந்த அந்தத் தவணைதான்.