கொழும்புக் காசில் எழுந்த வீடுகள்

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த வீடுகளில் கொழும்புக் காசும் இருக்கிறது. கொழும்பில் செட்டியார் தெருவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய கதிரேசன் கோயில் இன்றும் இருக்கிறது.

அந்தக் காசு வந்த இலங்கையில், 1948இல் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கினார்கள். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி. 1983 ஜூலையில் கொழும்பிலேயே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தனிநாடு கேட்டவர்களை மட்டும் குறை சொல்கிறவர்கள் இந்த வரிசையை ஏன் விட்டுவிடுகிறார்கள்? 1990இல் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதையும் நான் மறைக்கப் போவதில்லை, அதுவும் அநியாயம்தான்.

2009 மே மாதம் போர் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களோடு போராட உட்கார்ந்தார்கள். இன்னும் பதில் இல்லை. 2016 சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடிய தேசிய கீதத்தை 2020 விழாவில் சிங்களத்தில் மட்டுமே பாடினார்கள். ஒரு பாட்டைக்கூடத் தாங்காத தேசப்பற்று என்ன பற்று?

சரி, நம் பக்கம் வருவோம். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. சில அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தரும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த முகாம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை இல்லை. அதைக் கேட்டு நம்ம ஊர்ச் சங்கங்கள் ஒரு தீர்மானமாவது போட வேண்டும்.