கேட்கவில்லையே

"இன்று காலை அவர் வந்தாரே, அதை எந்தக் கட்டத்தில் போட்டீர்கள்?"

அந்த ஜப்பானிய ரயில் நிலையப் பணியாளர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "அவர் உங்களிடம் எதுவும் கேட்கவில்லையே" என்றேன். "ஸோ தெஸ் கா" என்று சொல்லிவிட்டு டீ குடித்த கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஸோ தெஸ் கா என்பது நம் ஊர் 'அப்படிங்களா' மாதிரி. சந்தேகத்தோடும் சொல்லலாம், ஒப்புக்கொண்டும் சொல்லலாம், இவனிடம் இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்ற முடிவிலும் சொல்லலாம். கடைசி 'கா' ஏறினால் கேள்வி, இறங்கினால் ஏற்பு என்று மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று இறங்கித்தான் ஒலித்தது. அதாவது, ஏற்றுக்கொண்டார். இரண்டு வருடமாக இப்படித்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சைத்தாமா பக்கம், தோக்கியோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் சின்ன நிலையம். காலை, இரவு நேரங்களில் ஜன்னலில் ஆளை எடுத்துவிட்டு, கேமராவும் இன்டர்காமும் வைத்து தூரத்தில் ஒரு மையத்திலிருந்து கவனிக்கும் திட்டம். நான் மென்பொருள் பக்கம். மூன்று நாள் அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்து, பணியாளரிடம் என்னென்ன வேலை வருகிறது என்று எண்ண வேண்டும். கட்டணப் பாக்கி, ஐசி கார்டு என்ற தொட்டுப் போகும் பயண அட்டையில் கோளாறு, வழி கேட்பவர்கள், தொலைந்த பொருள், சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகை, இதர. ஆறு கட்டம். பயணி வந்து கேட்டால் ஒரு கோடு. மையத்தில் ஒருவர் எத்தனை நிலையங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதை இந்தக் கோடுகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

காலை ஏழேகால் வாக்கில் வெள்ளைக் கோலோடு பார்வையற்ற ஒருவர் வருவார். அதற்கு இரண்டு நிமிஷம் முன்பே பணியாளர் ஜன்னலை விட்டு வெளியே போய், அகலமான கேட்டை ஒட்டி நிற்பார். பார்வையற்றவர்களுக்கு வழி காட்டத் தரையில் பதித்த மஞ்சள் கட்டைகளில் கோல் தட்டும் சத்தம் கேட்டதும் "ஒஹாயோ கொஸைமாஸ்" என்று காலை வணக்கம் சொல்வார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க. வந்தவர் அந்தக் குரலுக்கு நேராகத் திரும்பி, கார்டைத் தொட்டு, உள்ளே போவார். கையைப் பிடிப்பது கிடையாது, விசாரிப்பு கிடையாது. எட்டு நொடி. கையில் ஸ்டாப்வாட்ச் இருந்ததால் தெரியும்.

மூன்று நாளும் இது நடந்தது. மூன்று நாளும் நான் கோடு போடவில்லை.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். விதியை எழுதியவன் நான் இல்லை. 2020 மார்ச் கணக்கிலேயே ஜப்பானின் 9,465 நிலையங்களில் 4,564இல் ஆள் கிடையாது, கிட்டத்தட்ட பாதி. பயணிகள் குறைகிறார்கள், வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை. இந்தப் பணியாளரே ஓய்வு வயது தாண்டி மறுபடி வேலைக்கு எடுக்கப்பட்டவர். நான் மூன்று கோடு போட்டிருந்தால் அவர் அங்கேயே இருந்திருப்பாரா? இல்லை. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால், போட்டிருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

'இதர' என்ற கட்டம் எதற்கு இருந்தது? பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு பத்தியும் இருந்தது. காலியாக விட்டேன். கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தை எழுதச் சோம்பல் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எக்செல்லில் தட்டச்சு செய்பவனுக்கு என்ன கான்ஜி பயம்! எழுதியிருந்தால் மேலதிகாரி, "இதை எந்த வகையில் சேர்ப்பது?" என்று கேட்டிருப்பார். அதைத் தவிர்த்தேன் என்பதுதான் உண்மைக்குக் கிட்டே வரும்.

ஜப்பானிய மொழியில் 'கிகு' என்ற சொல்லுக்கும் நம் 'கேள்' மாதிரியே இரண்டு பொருள்: காதால் கேட்பது, வாயால் கேட்பது. நான் சொன்ன வாக்கியத்திலும் அந்தச் சொல்தான் இருந்தது. இது தற்செயல்தான். ஆனால் ராத்திரியில் தற்செயலாகத் தோன்றுவதில்லை.

2020இல் ஒய்த்தாவில் சக்கர நாற்காலியில் செல்பவர்கள், ஆளில்லா நிலையங்களால் நினைத்த நேரத்தில் ரயில் ஏற முடியவில்லை என்று ஜேஆர் கியூஷூ ரயில் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இது பெரிய விஷயம், நம் கையில் இல்லை என்று. அந்த ஆறுதல்தான் பிறகு உறுத்தியது.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஒரு ரயில் முன்னதாகவே வந்து அந்த நிலையத்தில் இறங்கிக்கொண்டேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. இன்டர்காம் நாங்கள் வரைந்து கொடுத்த இடத்திலேயே, சரியான உயரத்தில் இருந்தது. ஏழேகாலுக்கு அவர் வந்தார். கட்டைகள் இருக்கின்றன, 1967இல் ஒகயாமாவில் முதலில் பதித்ததிலிருந்து இவை யாரையும் எதிர்பார்க்காமல் வழி காட்டுகின்றன. கேட்டுக்கு மேலே, அது இருக்கும் இடத்தைக் காட்டும் 'பிங்-பொங்' என்ற ஒலியும் விடாமல் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆள் இல்லாமலே போக முடிகிறது, பார்த்தாயா என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது.

கேட்டுக்கு மூன்றடி முன்னால் அவர் நின்றார். இரண்டு நொடி, மூன்று நொடி. சட்டைப் பையில் கார்டைத் தேடியிருக்கலாம்.

"ஒஹாயோ கொஸைமாஸ்" என்பது என் வாய்வரை வந்தது. ஆனால் நான் நின்றது கேட்டுக்குப் பக்கத்தில் இல்லை, எதிர்ப்புறம் பான இயந்திரத்தை ஒட்டி. அங்கிருந்து குரல் கொடுத்தால் அவர் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார் என்று பேசாமல் இருந்தேன். அவரும் எதுவும் கேட்கவில்லை.