பூகம்பமா, குண்டா? குப்பத்திலிருந்து பயிற்சிப் பள்ளிக்குப் போன கதை

வேறொரு நாட்டில் வெடித்த அணுகுண்டை இங்கிருந்தே கண்டுபிடிக்கிற வேலைக்கு எப்படிப் போவது என்று ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் குப்பம் ஊர்த் தம்பிகள் கேட்கிறார்கள். ‘உளவு இயற்பியலாளர் தேவை’ என்று எங்கும் விளம்பரம் வராது. நம் நாட்டில் நேர்வழி, 1957-இல் தொடங்கிய பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிதான். ஓராண்டுப் பயிற்சி, அப்புறம் பிரிவு ஒதுக்குவார்கள். குண்டு வெடித்தால் பூமி அதிரும், அந்த அதிர்வைப் படிக்கிற நில அதிர்வுப் பிரிவும் அந்த மையத்துக்கு உண்டு. 1960-களில் பிரிட்டன் ஒத்துழைப்போடு கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் அமைத்த அதிர்வுமானி வரிசை அவர்களுடையதே.

எழுத்துத் தேர்வு எல்லாரும் படிக்கிற பாடம்தான். நேர்முகம்தான் ஆளை உரித்துவிடும். பிடித்த பாடம் அலைகள் என்றேன். ஊர் குப்பம் என்றதும் ஒருவர், “கோலார் தங்கவயல் பக்கமா? அங்கே சுரங்கத்தில் பாறை வெடிக்குமாமே?” என்றார். தெரியாமலா? தாத்தா அந்தச் சுரங்கத்தில் இறங்கினவர். கீழே பாறை வெடித்தால் மேலே லைன் வீட்டில் பாத்திரம் உருளுமாம். “சரி, பூகம்பத்தையும் குண்டையும் எப்படிப் பிரிப்பாய்? போர்டில் வரை.”

பூமிக்கடியில் வெடிக்கிற குண்டு பாறையை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். அதனால் முதலில் வரும் பி அலை எந்த நிலையத்திலும் தரையை மேலேதான் தூக்கும். பூகம்பம் என்பது பாறை நழுவுவது, சில திசையில் முதல் அசைவு மேலே, சில திசையில் கீழே. “இரைச்சலில் முதல் அசைவே தெரியவில்லை என்றால்?” பின்னால் தரையின் மேல்பகுதியில் ஓடிவரும் மேற்பரப்பு அலையைப் பார்ப்பேன் என்றேன். அதே அளவு பி அலை தரும் பூகம்பத்தை விட, குண்டில் அது ரொம்பச் சன்னமாக இருக்கும்.

அவர்கள் விடவில்லை. 2017 செப்டம்பர் 3, வட கொரிய அணுகுண்டுச் சோதனை. 6.3 அளவில் ஒன்று, எட்டரை நிமிடம் கழித்து 4.1 அளவில் இன்னொன்று. இரண்டாவது என்ன? வெடித்த குழி சரிந்து உள்வாங்கியிருக்கும், அப்படியானால் முதல் அசைவு கீழே என்றேன். சுரங்கக் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு அது வராமல் இருக்குமா! சூத்திரம் ஒப்பிப்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெரிந்ததிலிருந்து நகர்ந்து போகிறோமா என்றுதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது போலீஸ் விசாரணை. எல்லைக்காரனுக்கு வினையே இங்கேதான். ஆந்திர ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும், திருப்பத்தூரில் வாங்கிய சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள்தானா என்று இரண்டு மாநிலத்திலும் கேட்டார்கள். தெருவுக்கு வந்த ஏட்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரிக்க, அவர் பாதித் தெலுங்கில், “மஞ்சிப் பையன் சார், வெளியே தலையே காட்டமாட்டான்” என்றார். இந்த வேலைக்கு அது நல்லதா கெட்டதா என்று எனக்கே புரியவில்லை. ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அதனால் தம்பிகளே, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி கையெழுத்தோடு பிரமாணப் பத்திரம் வாங்கி, படிவம் அனுப்பும்முன் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்தாண்டில் தங்கின விடுதி, வாடகை வீடு முகவரியெல்லாம் தேதியோடு கேட்பார்கள், அதையும் இப்போதே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.