ஒன்பதாவது ஃபிரேம்

போன அக்டோபர் முதல் வாரம். பெங்களூர் கோரமங்களாவில் நான் வேலை பார்க்கும் சின்ன டிசைன் ஸ்டுடியோவுக்கு ஒரு வேலை வந்தது. ஹாலோவீன் சமயத்தில் போடுவதற்கு ஒரு திகில் ஜிஃப். ஐந்து நொடிக்குள் முடிந்து மறுபடி மறுபடி ஓட வேண்டும், ஒரு எம்பியைத் தாண்டக் கூடாது. கெடு நான்கு நாள். பூசணிக்காய், வௌவால் எல்லாம் வேண்டாம், நம்ம ஊர் பேயாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளரே சொல்லிவிட்டார். அதற்காகவே அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

பெங்களூர் பேய் என்றால் எனக்கு 'நாளே பா'தான். 1990களில் கர்நாடகத்தில் பரவிய கதை அது. ராத்திரியில் ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிய குரலில் கூப்பிடுவாள். திறந்தால் முடிந்தது. அதனால் ஜனங்கள் கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' என்று எழுதி வைத்தார்கள். வந்தவள் படித்துவிட்டுத் திரும்பிப் போவாள். மறுநாள் வருவாள், படிப்பாள், போவாள்.

முதல் இரண்டு நாள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எதுவும் மிஞ்சவில்லை. வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல ஒரு கதவு வரைந்தேன். ஃபோட்டோஷாப் டைம்லைனில் ஃபிரேம் அனிமேஷனை, அதாவது படம் படமாக அடுக்கி ஓட்டும் வசதியைத் திறந்து, கதவிடுக்கில் ஓர் உருவத்தை வைத்து, ட்வீன் போட்டேன். இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் வேண்டியதையெல்லாம் மென்பொருளே நிரப்பியது. உருவம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ மறைந்து அடுத்தது வருமே, அப்படி. பயம் துளிகூட இல்லை. போதாக்குறைக்கு, நீல இருட்டுச் சுவர் ஜிஃப்பின் 256 நிறத்துக்குள் அடங்காமல் பட்டை பட்டையாகப் பிரிந்தது. அதை மறைக்க, நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து காட்டும் டிதர் போட்டால், படத்தில் வைத்திருந்த ட்யூப்லைட் விட்டுவிட்டு எரியும்போதெல்லாம் சுவர் முழுக்கப் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

நான் குடியிருப்பது அல்சூரில். வீட்டுக்கார அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அன்று இரவு வாடகை கொடுக்கப் போனபோது லேப்டாப்பில் இருந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்ப்பா, எழுத்து உள்பக்கம் இருக்கே. வெளியில இருந்தாத்தானே அது படிக்கும்?"

தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. எழுத்து வெளிப்பக்கம் என்றால் பார்ப்பவரும் வெளியில்தான் நிற்க வேண்டும். நள்ளிரவில் அந்தக் கதவுக்கு எதிரே நின்று அதைப் படிப்பது யார்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேயை வரையவே வேண்டாம். ஒரு கை போதும். அதுவும் பார்ப்பவருடைய கைபோலப் படத்தின் கீழ்விளிம்பிலிருந்து எழும்ப வேண்டும்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக ஆரம்பித்தேன். கதவு, தாழ்ப்பாள், சாக்பீஸ் எழுத்து, கை. கடைசியில் கன்ட்ரோல் ஐ அழுத்தினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். இது புதிதல்ல. 1908இல் பிரான்சில் அனிமேஷன் முன்னோடி எமில் கோல் ஏறத்தாழ 700 படங்களை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து, நெகட்டிவாகவே அச்சிட்டு, கரும்பலகையில் சாக்பீஸ் கோடு உயிரோடு நடமாடுவதுபோலக் காட்டினார். அவருக்கு ஃபிலிம் செய்து கொடுத்ததை எனக்கு ஒரு விசை செய்தது. வரைகிற பாடு மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

கையை ட்வீனிடம் விடவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு லேயர், கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. முந்தைய லேயர் மங்கலாகத் தெரியும்படி அதன் ஒபாசிட்டியை 30 சதவீதத்துக்குக் குறைத்து, அதன் மேல் அடுத்ததை வரைந்தேன். கை அசையாமல் நிற்கும் இடத்திலும் ஒரே படத்தை வைக்காமல், அதே கையை மூன்று முறை தனித்தனியாக வரைந்து சுழல விட்டேன். ஒருமுறை போட்ட கோட்டின் மேலேயே மறுபடி போட்டாலும் மயிரிழை விலகத்தான் செய்யும். அந்த விலகலால் கோடு நடுங்கும். வழக்கமான அனிமேஷனில் அந்த நடுக்கத்தைக் குறைக்கத்தான் பாடுபடுவோம். இங்கே கதவும் சுவரும் கல்லாக நிற்க, கை மட்டும் நடுங்கியது. அசையாத கையில் உயிர் இருப்பது தெரிந்தது.

ஒரு இடத்தில் அரை மணி நேரம் போயிற்று. முதல் ஃபிரேம் தேர்வில் இருக்கும்போது எழுத்தின் லேயரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டேன். 'புரொப்பகேட் ஃபிரேம் 1' டிக் ஆகியிருந்ததால் எல்லா ஃபிரேமிலும் எழுத்து நகர்ந்துவிட்டது. புதிதாக இதில் இறங்குபவர்கள் வேலை தொடங்கும் முன் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ட்யூப்லைட்டும் படுத்தியது. எழுத்து மங்கி மங்கித் தெரிய, அந்த ஃபிரேம்களுக்கு 'நோ டிலே', அதாவது இடைவெளியே வேண்டாம் என்று கொடுத்திருந்தேன். ஃபோட்டோஷாப்பில் படபடவென்று சரியாகத்தான் இருந்தது. பிரவுசரில் போட்டால் சோம்பலாக மினுங்கியது. அவ்வளவு குறைந்த இடைவெளியைப் பிரவுசர்கள் ஏற்காமல் 0.1 நொடியாக்கி ஓட்டுகின்றன. 0.05 என்று நானே கொடுத்தேன், சரியாகிவிட்டது.

மற்றதெல்லாம் நேரக்கணக்குதான். கை எழும்பும் ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 0.1 நொடி. எட்டாவதில் விரல் மடங்கிக் கதவைத் தொடப் போகிறது. ஒன்பதாவதில் எழுத்தைப் பார்த்து நிற்கிறது. அங்கேதான் அந்த மூன்று கைகளும் மாறி மாறி வரும். முதலில் அரை நொடி நிறுத்தினேன், ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நொடி கொடுத்தேன், கை படிக்கிறது என்று புரிந்தது. 1.6 நொடி கொடுத்தபோது, பக்கத்து இருக்கையில் எங்கள் சீனியர் அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருந்த முறுக்கைக் கீழே வைத்தார்.

"கடைசியில ஒரு முகம் பாய்ஞ்சு வர்ற மாதிரி வைப்பமா?" என்றார்.

"வேணாம்ணா. அது போயிடணும். போய்த் திரும்பி வரணும்."

கை இறங்கியதும் மூடிய கதவு மட்டும் இருக்கும், முதல் ஃபிரேமும் அதேதான். சுழற்சியை 'ஃபாரெவர்' என்று வைத்தால் ஒட்டு தெரியாது. வந்து, படித்து, போய், மறுபடி வரும். இந்தக் கதைக்கென்றே ஜிஃப்பைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சில சாம்பல் என்று 32 நிறத்திலேயே அடங்கியதால் ஒரு எம்பிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ஆனாலும் அண்ணா சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாவதுக்கு அப்புறம் கதவு ஒரு விரற்கடை திறப்பதுபோல ஒரு படம் வரைந்து, அந்த லேயரின் கண் அடையாளத்தை மட்டும் அணைத்து வைத்தேன்.

அனுப்புவதற்கு முந்தின ராத்திரி நல்ல மழை. வீட்டுக்கார அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலைந்து சுற்று பார்த்தார். ஒவ்வொரு முறை கை எழும்பும்போதும் அவர் உதடு அந்த இரண்டு சொல்லையும் முணுமுணுத்தது.

"எங்க தெருவுல எங்கப்பாதான் எல்லார் வீட்டுக்கும் எழுதினார்" என்றார். கொஞ்சம் கழித்து, "இது எப்பவாவது கதவு திறக்கிற மாதிரி வருமா, தம்பி?"

"இல்லம்மா."

"வேணாம். வைக்காதே."

போனைத் திருப்பிக் கொடுத்தார். மாடிக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், லேப்டாப்பைத் திறந்து அந்த லேயரை அழித்தேன்.