தாயில்லாத ஒன்பது குஞ்சுகள்

உசிலம்பட்டிக்குப் பக்கம் செல்லம்பட்டியில் எங்கள் வீடு. தையல் வேலை போக நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். அடை காப்பது, குஞ்சை மேய்ப்பது எல்லாம் கோழி பாடு. சாயங்காலம் பஞ்சாரத்தைப் போட்டு மூடுவதுதான் என் வேலை. போன சித்திரையில் மொத்தமும் என் தலையில் விழுந்தது. 11 முட்டையில் 9 பொரித்தன. மறுநாளே தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது.

பொரித்த அன்றே குருணையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "ஏத்தா, அதுக்கு வயித்துல கரு இருக்கு. என்ன அவசரம்?" என்று அத்தை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உண்மைதான். ஓட்டை விட்டு வருமுன்பே மீதி மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. இரண்டு நாள் வரை அது தாங்கும். கடைசி முட்டை பொரிக்கும் வரை தாய்க்கோழி இரை தேடப் போகாமல் உட்கார்ந்திருக்க முடிவதும் அதனால்தான். அதற்காகப் பட்டினி போட வேண்டியதில்லை. ஈரம் காய்ந்து, காலூன்றி நின்று, கண்டதைக் கொத்த ஆரம்பித்தால் கொடுத்துவிடலாம்.

ஆனால் முதலில் தண்ணீர். ஒவ்வொன்றாகப் பிடித்து அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட வைத்தேன். ஒரு நொடி முழிக்கும், அப்புறம் தலையை அண்ணாந்து விழுங்கும். இரண்டு குஞ்சு கற்றுக்கொண்டால் போதும், மற்றவை பார்த்துப் பழகிவிடும். தட்டு ஆழமாக இருந்தால் விழுந்து செத்துவிடும் என்று மகனுடைய கோலிக்குண்டுகளைத் தண்ணீருக்குள் பரப்பினேன். அவனுக்கு இன்னும் கோபம்.

இரை கொடுப்பதில்தான் ஆச்சரியம். பழைய சாக்கைக் கீழே விரித்து (செய்தித்தாள் வழுக்கும், கால் அகண்டுவிடும்) குருணையைத் தூவிவிட்டு ஆள்காட்டி விரலால் டொக், டொக் என்று தட்டினேன். ஒன்பதும் ஓடி வந்து விரல் பக்கத்திலேயே கொத்தின. அவற்றுக்கு என் விரல்தான் தாயின் அலகு.

குருணை மட்டும் போதாது. உசிலம்பட்டி தீவனக் கடையில் குஞ்சுத் தீவனம் வாங்கினேன். அதில் புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும். காலையிலிருந்து இருட்டும் வரை தட்டு காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். மொத்தமாகக் கொட்டினால் மேலேயே ஏறி நின்று பீச்சி வைக்கும். ராத்திரி 60 வாட் குண்டு பல்பு. அதன் அடியில் அடைந்துகொண்டு கத்தினால் குளிர், விலகி ஓடி வாயைத் திறந்தால் சூடு. குளிரில் இருக்கிற குஞ்சு இரை பக்கமே போகாது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரைக்குப் போனோம். தீவனத்தை நிறைய வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தால் தண்ணீர்த் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது, சாக்கு காய்ந்துவிட்டது. தீவனம் அப்படியே இருக்க, மூன்று குஞ்சுகள் சிறகைத் தொங்கப்போட்டு நின்றன. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டதில் ஒன்று தேறியது. இரண்டு போய்விட்டன. அந்த வெயிலில் தட்டின் மேல் ஒரு கல்லை வைக்கத் தோன்றாதது என் தப்புதான்.

ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்தில் குஞ்சுகளின் கண்ணில் ஆளுக்கொரு சொட்டு தடுப்பு மருந்து விட்டுக்கொண்டு வந்தேன். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான மருந்து அது; அந்த நோய் வந்தால் ஒரு பட்டியே காலி.

அதற்குப் பிறகு அத்தை கரையான் பிடித்துக் கொடுத்தார். உடைந்த பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள மண்ணில் ராத்திரி கவிழ்த்து வைத்தார். விடிந்து பானையைத் தட்டியதும் ஏழும் பாய்ந்த பாய்ச்சலைப் பார்க்க வேண்டுமே! தீவனத் தட்டை அன்றைக்கு ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அடைக்கிற நேரத்தில் அத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்துக்குக் கீழே இரைப்பையை இரண்டு விரலால் தடவினார். "எல்லாம் புடைச்சிருக்கு, மூடு" என்றார்.