நூறு கிலோவும் ரெண்டு பலகையும்

டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடை ராடைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வது) போட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டேன் என்று யாரிடம் சொன்னாலும், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு 41. ஆனால் என்னைக் கவிழ்த்தது வயசு இல்லை, ராடின் ரெண்டு முனையிலும் மாட்டும் எடைத் தட்டின், அதாவது பிளேட்டின் உயரம்.

போட்டிகளில் மாட்டும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதை மாட்டினால் ராடு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கும். எங்கள் ஜிம்மில் பெரிய பிளேட்டே கிடையாது, எல்லாம் பத்து கிலோ இரும்புத் தட்டுகள். அவற்றில் எத்தனை அடுக்கினாலும் ராடு நாலு விரல் அளவு தாழ்வாகத்தான் கிடக்கும். (பிறகு டேப் வைத்து அளந்து பார்த்தேன்.) நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். அந்த நாலு விரலுக்குக் குனியும்போது பின்தொடை இழுத்துப் பிடிக்கும், இடுப்பெலும்பு சுருளும், கீழ்முதுகு வில்லாக வளையும். அறுபது கிலோவரை உடம்பு பொறுத்துக்கொண்டது.

அன்று இருபது கிலோ ராடில் பக்கத்துக்கு நாலு தட்டு, மொத்தம் நூறு. மூன்றாவது தடவை தூக்கும்போது சுருக்கென்றது. இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை வாய் கொப்பளிக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் வாஷ்பேசினைப் பிடித்தபடியே நின்றேன்.

"மூச்சுப்பிடிப்பு சார், வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்றார் ஜிம் மாஸ்டர். அம்மா சுளுக்கு எடுக்கிறவரைக் கூட்டிவந்தார். எண்ணெய் தேய்த்தபோது சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் வலி அப்படியே.

டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தார். வலி முழங்காலுக்குக் கீழே ஓடுகிறதா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. "அப்போ ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். ஆனா படுத்தே கிடக்காதீங்க, நடங்க" என்றார். ஒரு வாரம் லீவு போட்டுப் படுக்கலாம் என்ற என் திட்டம் அதோடு போச்சு.

உண்மையான பாடம் பிசியோதெரபி அறையில்தான். பிசியோதெரபிஸ்ட் என் கையில் ஒரு கம்பைக் கொடுத்து முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும், குனியும்போது ஒன்றுகூட விலகக் கூடாது. எனக்குக் கொஞ்சம் குனிந்ததுமே வால் எலும்பு விலகிவிட்டது. "நாத்து நடுறவங்களைப் பார்த்திருக்கீங்களா சார்? இடுப்புலதான் மடிவாங்க, முதுகுல இல்ல" என்றார். பிறகு சுவருக்கு ஓரடி முன்னால் நின்று, பின்பக்கத்தால் சுவரைத் தொடச் சொன்னார். இந்த ரெண்டுக்கே பத்து நாள் ஓடியது. கூடவே கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள். அவற்றில் ஒன்று, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து நொடி நிற்பது. பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். செய்தால் வேர்த்துக் கொட்டும்.

எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றியும் தப்பாக நினைத்திருந்தேன். கட்டினால் போதும், முதுகைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை. மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ குத்த வருவதுபோல வயிற்றை இறுக்கி பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளினால்தான் அதற்கு வேலையே. (பிபி இருப்பவர்கள் மூச்சை அடக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.) மெத்தென்ற ஓட்ட ஷூவையும் கழற்றிவிட்டேன். வெறுங்காலில் தரை பிடிபடுகிறது.

ஆறு வாரம் கழித்து, பக்கத்துக்கு ஒரே ஒரு தட்டோடு தொடங்கினேன். தட்டுகளுக்கு அடியில் ரெண்டு மரப்பலகை, ராடை ஒரு சாண் உயரத்துக்குக் கொண்டுவர. பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் நூற்றிருபது தூக்கும்போது நாற்பது கிலோவோடு நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. நடுவில் ஒருநாள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்ற வேண்டிவந்தது. என்னையறியாமல் இடுப்பை மடக்கி, வயிற்றை இறுக்கித்தான் தூக்கியிருக்கிறேன். மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது எண்பதில் இருக்கிறேன். நூறை இன்னும் தொடவில்லை. பலகைகளைத்தான் யாராவது காஃப் ரெய்ஸ் (கெண்டைக்கால் பயிற்சி) போட எடுத்துப் போய்விடுகிறார்கள். தினமும் தேடிப் பிடித்த பிறகுதான் முதல் செட்.